ரேலி சீசன்: வியாழக்கிழமைக்கு முன்பே முடிய வேண்டிய வேலைகள்

தேசிய கார் ரேலி சாம்பியன்ஷிப்பை நடத்தும் இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்புக்கும், ஒவ்வொரு சுற்றையும் பொறுப்பேற்று நடத்தும் கிளப்களுக்கும்,

வணக்கம்.

அடுத்த சீசனின் அட்டவணையும் துணை விதிகளும் எழுதப்படுமுன் உங்கள் கைக்கு வந்து சேரட்டும் என்று இந்த மடலை எழுதுகிறோம். எங்களில் சிலர் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்பவர்கள், சிலர் இடது சீட்டில் உட்கார்ந்து ஓட்டுநருக்குப் பாதைக் குறிப்புகளை, அதாவது நோட்ஸ், படிக்கும் நேவிகேட்டர்கள், சிலர் ஸ்டேஜ் (சாலையை மூடி, நேரம் கணக்கிட்டு ஓட்டும் பகுதி) முனையில் கொடியோடு நிற்கும் மார்ஷல்கள். ஓட்டுநர்களுக்குப் பேச மைக் கிடைக்கும். எங்களுக்குக் கடிதம்தான்.

கேட்பது ஒன்றுதான். ரேலி வாரத்தின் வியாழன், வெள்ளி இரண்டே நாளில் அடித்துப் பிடித்துச் செய்யும் வேலைகளில் பாதியை சீசன் தொடங்குமுன்பே முடித்துவிட வேண்டும். அந்த இரண்டு நாளில் ரெக்கி (பாதையை முன்கூட்டி ஓட்டிப் பார்த்து நோட்ஸ் எழுதுவது), ஸ்க்ரூட்டினி (வண்டிகளின் விதி, பாதுகாப்புச் சோதனை), ஓட்டுநர் கூட்டம், கொடியசைப்பு எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. அப்போது கண்டுபிடிக்கும் தவறைத் திருத்த யாருக்கும் நேரமிருக்காது; ‘இந்த ஒரு முறை போகட்டும்’ என்று விடத்தான் தோன்றும்.

முதலில் தேதி. மண்ணையும் காற்றையும் பார்த்துத் தேதி குறியுங்கள். கோயம்புத்தூர்ச் சுற்றுக்குக் கேத்தனூர் காற்றாலைப் பாதைகள் நல்ல உதாரணம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று அங்கே வண்டி கிளப்பும் புழுதியைச் சில நொடிகளில் பக்கத்துக் காட்டுக்குத் தள்ளிவிடும். அதே பாதையில் மார்கழிக் காலையில் காற்று அசையாது. புழுதி பாதையின் மேலேயே தொங்கும். ஆடியில் 1 நிமிட இடைவெளியில் வண்டிகளை விட்டால்கூடச் சமாளிக்கலாம், மார்கழியில் 2 நிமிடமே போதாது. காற்றுக் காலத்திலும் ஒரு சிக்கல் உண்டு: ஸ்டேஜின் போகும் பாதையும் திரும்பும் பாதையும் அருகருகே ஓடினால், ஒன்றில் கிளம்பும் புழுதி மற்றொன்றின் மேல் போய் விழும். காற்று எந்தத் திசையில் அடிக்கும் என்பது தெரிந்த விஷயம்தான். வரைபடம் போடும் மேசையிலேயே இதைத் தவிர்க்கலாம்.

சென்னையை ஒட்டி நடக்கும் தென்னிந்திய ரேலியை ஐப்பசி, கார்த்திகையில் வைத்தால் மழை நிச்சயம். போட்டி வண்டி சேற்றில் வழுக்கினால் வழுக்கட்டும், அது விளையாட்டின் பகுதி. ஆம்புலன்ஸ் சிக்கிக்கொள்வதுதான் பிரச்சினை. ஏரிக்கரைக் களிமண்ணில் இரண்டு சக்கர டிரைவ் உள்ள வேன் 200 மீட்டர்கூடப் போகாது. அந்தத் தேதிதான் வேண்டுமென்றால் மருத்துவ வண்டியும் மீட்பு வண்டியும் நான்கு சக்கர டிரைவாக இருக்க வேண்டும் என்று துணை விதியிலேயே எழுதுங்கள். ஸ்டேஜுக்கு ஒரு டிராக்டரும், ஓட்டுநரோடு சேர்த்து, வேண்டும்.

சிக்மகளூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தோட்டப் பாதைகளில் இறங்கவே முடியாது. மழை விட்டு மண் இறுகும் நவம்பரில் அரபிக்கா பழம் பறிப்பு தொடங்கிவிடும். பறிப்பு நாளில் ஒரு தோட்டப் பாதையை அரை நாள் மூடினால் அன்றைய கூலியும் பழமும் சேர்ந்து பாதிக்கும். பறித்த பழத்தை அன்றே தோல் நீக்கும் பல்ப்பர் இயந்திரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தத் தேதியில் எந்த பிளாக்கில் பறிப்பு என்பதைத் தோட்ட மேலாளரோடு உட்கார்ந்து முன்பே முடிவு செய்தால், டிராக்டர் ஸ்டேஜுக்குள் வரும் ஆபத்தில் பெரும்பகுதி அன்றே தீர்ந்துவிடும்.

அடுத்து, இரண்டு சுற்றுகளுக்கு நடுவே எத்தனை நாள். இதில் எங்கள் கோரிக்கை திட்டவட்டமானது: தெற்கிலேயே நடக்கும் சுற்றுகளுக்கு நடுவே குறைந்தது 4 வாரம், அருணாசலப் பிரதேசம் போன்ற தொலைதூரச் சுற்றுக்கு முன்னும் பின்னும் 6 வாரம். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறோம். சென்னையிலிருந்து இட்டாநகர் சாலை வழியாகச் சுமார் 3,000 கிலோமீட்டர். வண்டி ஏற்றிய லாரி சிலிகுரி வழியாகப் போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல், திரும்ப அதே அளவு. அதாவது போய்வரவே இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி யார் கையிலும் இருக்காது.

வந்த வண்டியை அப்படியே அடுத்த சுற்றுக்கு அனுப்ப முடியாது. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் காக்கும் அடித்தகட்டை, அதாவது சம்ப் கார்டை, கழற்றி, ஃப்ளோர், லோயர் ஆர்ம் மவுன்ட், ஸ்ட்ரட் டாப் (ஷாக் தூண் மேலே பாடியில் பொருந்தும் இடம்) ஆகிய இடங்களில் மண்ணைக் கழுவி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மயிரிழை வெடிப்பு பெயின்டின் மேல் கோடுபோலத்தான் தெரியும். அந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்காவிட்டால் அடுத்த சுற்றில் ஸ்ட்ரட் பானட் வழியாக மேலே வந்து நிற்கும். ஷாக் அப்சார்பரைக் கழற்றி எண்ணெய், சீல் மாற்றி, நைட்ரஜன் அழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதென்றால் வீல் பேரிங் போயிற்று. தண்ணீர் ஓடையைத் தாண்டிய சுற்றுக்குப் பிறகு ஆட்டம் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுவது நல்லது. சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் சி.வி. ஜாயின்ட்டின் பூட் (ரப்பர் உறை) கிழிந்திருந்தால் உள்ளே போன மணல் அடுத்த ஸ்டேஜிலேயே ஜாயின்ட்டை அரைத்துவிடும். பிரேக் ஆயில் ஈரம் குடிக்கும், அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிது. ஃபியூவல் பம்ப் ஸ்ட்ரெய்னர், ஏர் ஃபில்டர் இரண்டும் புழுதிச் சுற்றுக்குப் பிறகு கட்டாயம் வெளியே வர வேண்டும்.

நேரத்தை விழுங்குவது கியர்பாக்ஸ்தான். டாக் பாக்ஸ் என்னும் பந்தய வகைக் கியர்பாக்ஸில், கியரைப் பிடித்து நிறுத்தும் டாக் ரிங்கின் முனைகள் மழுங்கினால் கியர் தானாக வெளியே குதிக்கும். கழற்றிப் பார்க்காமல் மழுங்கல் தெரியாது, மாற்றுப் பாகமோ பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஆர்டர் கொடுத்து, கஸ்டம்ஸில் வரி கட்டி, பெட்டி கைக்கு வருவதற்குள் இரண்டு, மூன்று வாரம் ஓடிவிடும். கோயம்புத்தூரின் லேத் பட்டறைகள் நிறையக் காப்பாற்றியிருக்கின்றன. லீலாகிருஷ்ணன், நரேன் குமார் போன்ற தேசிய சாம்பியன்களை அந்த ஊர் தந்ததில் பட்டறைகளுக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறோம். ஆனால் ஹப், புஷ், மவுன்ட் பிராக்கெட் செய்யும் பட்டறையால் ஹீட் ட்ரீட்மென்ட் செய்த கியர் பல்லை இரண்டே நாளில் தர முடியாது. டாக் பாக்ஸ் இல்லாத போட்டிப் பிரிவுகளில் இந்தத் தலைவலி குறைவு. அங்கே கிளட்ச்தான் பாடாய்ப் படும்.

இடைவெளி 2 வாரமானால் என்ன நடக்கும்? உதிரி கியர்பாக்ஸ், உதிரி ஷாக் செட், இரண்டாவது வண்டி வைத்திருக்கும் குழு வரும். சொந்தக் காசில் ஓட்டுபவர் வரமாட்டார், அல்லது பாதி பார்த்த வண்டியோடு வருவார். இரண்டாவது வகைதான் எங்களுக்குக் கவலை.

வண்டி புரளும்போது உள்ளே இருப்பவர்களைக் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சர்வதேச விதி பிரதான வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டத்தில் 2.5 கனம், அல்லது 50 விட்டத்தில் 2.0 கனம் உள்ள சீம்லெஸ் (தையலில்லாத) குழாய் கேட்கிறது. மற்ற குழாய்களுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2.0. பைப் கடையில் இதே அளவில் விலை குறைந்த ஈ.ஆர்.டபிள்யூ. குழாயும் கிடைக்கும். நீளவாக்கில் பற்றவைத்த தையல் உள்ள குழாய் அது. வளைக்கும்போது அந்தத் தையல் வளைவின் வெளிப்பக்கத்தில் விழுந்தால் அங்கேதான் முதலில் திறக்கும். பெயின்ட் அடித்துவிட்டால் இரண்டையும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. குழாயை வெட்டிய முனை தெரியும் நேரத்தில், அதாவது பட்டறையில்தான், பார்க்க வேண்டும்.

வெல்டிங்கும் அப்படித்தான். ஜாயின்ட்டைச் சுற்றி முழு வட்டமும் பற்றவைக்க வேண்டும். கூரையை ஒட்டிய மேல் பக்கத்துக்கு வெல்டிங் டார்ச் எட்டாது என்பதால் அங்கே முக்கால் வட்டத்தோடு விட்டுவிடுவார்கள். நல்ல பட்டறை என்ன செய்யும் என்றால், கேஜின் கால் நிற்கும் இடங்களில் ஃப்ளோரில் ஓட்டை போட்டு, கேஜை ஒரு சாண் கீழே இறக்கி, மேல் பக்கத்தை முழுதாகப் பற்றவைத்துவிட்டு, தூக்கி நிறுத்தி அடியில் தகடு வைத்து மூடும். கால் தகட்டுக்கும் விதி உண்டு: பாடியோடு சேரும் வலுவூட்டும் தகடு 3 மில்லிமீட்டர் கனம், 120 சதுர சென்டிமீட்டர் பரப்பு, போல்ட் போடுவதானால் ஒரு காலுக்கு குறைந்தது மூன்று எம்8 (8 மில்லிமீட்டர் போல்ட்), தரம் 8.8. தகடு சிறியதாக இருந்தால் வண்டி புரளும்போது கேஜ் வளையாது. கால் ஃப்ளோரைக் குத்திக்கொண்டு கீழே இறங்கும், கூரை அந்த அளவு உள்ளே வரும்.

வெள்ளிக்கிழமை ஸ்க்ரூட்டினி கூடாரத்தில், வரிசையில் 40 வண்டி நிற்கும்போது, இதையெல்லாம் யாரும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்தாலும் என்ன செய்வது? ஆகவே சீசனுக்கு ஒரு மாதம் முன்பு கோயம்புத்தூர், பெங்களூரு, சென்னை, புனே என்று நான்கைந்து இடங்களில் முன்சோதனை வையுங்கள். பெயின்ட் அடிக்காத கேஜ், கனம் அளக்க அல்ட்ராசானிக் கருவி, ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் ஒரு படம், கேஜின் மேல் எண் பொறித்த முத்திரை. அதன்பிறகு ஒவ்வொரு சுற்றிலும் முத்திரையையும் புதிய வெடிப்பையும் மட்டும் பார்த்தால் போதும். புரண்ட வண்டிக்கு முத்திரை செல்லாது, மறுபடி சோதனை. இந்தக் கடைசி விதி பலருக்குப் பிடிக்காது. வைக்கத்தான் வேண்டும்.

அதே நாளில் காலாவதித் தேதிகளையும் எழுதிக்கொள்ளலாம். சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் (எஃப்.ஐ.ஏ.) 8855-1999 தரத்து சீட்டுக்கு தயாரிப்பிலிருந்து 5 ஆண்டு. 8853-2016 பெல்ட்டுக்கு 10 ஆண்டு. தீயணைப்பான் 2 ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ். சீசன் நடுவே காலாவதியாகும் பெல்ட்டைப் பற்றி சீசன் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் வாங்க நேரம் இருக்கும். மூன்றாம் சுற்றின் ஸ்க்ரூட்டினியில் சொன்னால் அவர் பக்கத்துக் குழுவிடம் கடன் கேட்டு ஓடுவார், அந்தப் பெல்ட் எத்தனை மோதலைப் பார்த்தது என்று யாருக்கும் தெரியாது.

ரெக்கிக்கு வருவோம். இரண்டு ஓட்டம் போதும், அதில் புகார் இல்லை. ஆனால் ஜே.சி.பி. வேலை ரெக்கிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ரெக்கிக்குப் பிறகு பள்ளத்தை நிரப்பி மண்மேட்டைச் சீவினால், நோட்ஸில் ‘மேடு, பிரேக்’ என்று எழுதிய இடம் சமமாகிவிடும், ‘4’ என்று எழுதிய வளைவு அகலமாகி ‘5’ ஆகிவிடும் (எண் கூடினால் வளைவை வேகமாக எடுக்கலாம்). நோட்ஸ் சொல்வதைவிடப் பாதை வேகமாக இருந்தால் வண்டி தாமதமாகும், அவ்வளவுதான். ஆனால் நிரப்பிய புதுமண் முதல் பத்து வண்டிகளில் பறந்து, கீழே இருந்த பாறை வெளியே வந்தால் பதினொன்றாவது வண்டியின் சம்ப் உடையும். துமகூரு பக்கத்துப் பாதைகளில் இது அடிக்கடி நடக்கும், மண்ணுக்கு அடியில் எல்லாம் கருங்கல். அதே ஸ்டேஜை இரண்டாம் முறை ஓட்டும்போது நடுவே ஒரு வண்டி போய், வெளியே வந்த கற்களை மட்டும் எடுத்தால் போதும். மண் போட வேண்டாம்.

குறித்த நேரத்துக்கு வண்டி வந்து சேர வேண்டிய சோதனை மேசையான டைம் கன்ட்ரோல் பற்றி ஒரே வரி: மேசைக் கடிகாரமும் ஸ்டார்ட் கடிகாரமும் ஜி.பி.எஸ். நேரத்தோடு ஒத்திருக்கிறதா என்று ஒவ்வொரு காலையும் சரிபாருங்கள், ஏனென்றால் 1 நிமிடம் தாமதமாக வந்தால் 10 நொடி, 1 நிமிடம் முன்னதாக வந்தால் 1 முழு நிமிடம் தண்டனை என்ற விதியில் கடிகாரம் தப்பினால் நேவிகேட்டரின் மூன்று நாள் உழைப்பு போயிற்று.

இனி, எல்லாவற்றையும்விடப் பெரியது: ஸ்டேஜ் மூடல். 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் தேசிய சாம்பியன்ஷிப் சுற்றின்போது, ஸ்டேஜ் பாதைக்குள் வந்த மோட்டார் சைக்கிள் மீது போட்டி வண்டி மோதியதில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் இறந்தார்கள். அந்த ரேலி அன்றே நிறுத்தப்பட்டது. யார் மீது தவறு என்று இங்கே பேச வரவில்லை. மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் 39 மீட்டர் கடக்கிறது. சரளை மண்ணில் அது நிற்க 100 மீட்டருக்கு மேல் வேண்டும். பைக் பாதைக்குள் வந்தபின் ஓட்டுநரால் ஆவது கொஞ்சம்தான். பைக் வராமல் தடுப்பது மட்டுமே வழி.

பெரிய சந்திப்புகளில் பெரும்பாலும் மார்ஷல் நிற்பார். ஆபத்து வருவது ரோடு புக்கில் (ரேலியின் வழிகாட்டிப் புத்தகம்) இல்லாத வழிகளில்: இரண்டு வயலுக்கு நடுவிலான வண்டித்தடம், கிணற்று மேட்டுக்குப் போகும் பாதை, வீட்டுப் பின்கதவு. இவற்றில் பல சாட்டிலைட் படத்தில் தெரியாது. ரெக்கிக்கு ஒரு மாதம் முன்பு இரண்டு பேர் பைக்கில் ஸ்டேஜ் முழுதும் போய், ஒவ்வொரு திறப்பையும் தூரம் குறித்து எழுத வேண்டும். 15 கிலோமீட்டர் கிராமத்துப் பாதையில் 50, 60 திறப்புகள் சாதாரணமாக இருக்கும். அவற்றில் வீடோ தொழுவமோ கிணறோ உள்ளவற்றுக்கு ஆள், மற்றவற்றுக்கு டேப்போடு முள்வேலியோ மரக்கட்டையோ. வெறும் டேப்பை நம்பாதீர்கள். பைக்கில் வருபவர் குனிந்து போய்விடுவார். ஆள் நிற்கும் இடத்தில் ஒருவர் அந்த ஊர்க்காரராக இருக்கட்டும். வெளியூர் மார்ஷலின் விசிலுக்கு நிற்காதவர், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிற்பார்.

நேரத்தைக் கிராமத்தின் கடிகாரப்படி வையுங்கள். பால் சொசைட்டிக்குக் காலையும் மாலையும் கேன் போகும், பள்ளி விடும் நேரம் உண்டு, சந்தை நாள் உண்டு. காலை 7 மணிக்கு முதல் வண்டி என்றால் பால்காரர் நடுவில் மாட்டுவார். 9 மணி என்றால் மாட்டமாட்டார். மூடும் நேரமும் திறக்கும் நேரமும் அச்சிட்ட நோட்டீஸ், உள்ளூர் மொழியில், டீக்கடை, ரேஷன் கடை, பள்ளி, பால் சொசைட்டி நான்கிலும் ஒரு வாரம் முன்பு ஒட்டப்பட வேண்டும். முதல் நாள் மாலை ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ. நோட்டீஸில் ஒரு போன் எண்: பிரசவம், சாவு, பாம்புக்கடி என்று ஏதாவது நேர்ந்தால் அழைக்க. அழைப்பு வந்தால் ஸ்டேஜ் நிற்கும் என்று எழுதியே கொடுங்கள், சொன்னபடி நிறுத்துங்கள். அந்த நம்பிக்கை இருந்தால் யாரும் டேப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரமாட்டார்கள். திறக்கும் நேரத்தையும் காப்பாற்ற வேண்டும். 12 மணிக்குத் திறப்போம் என்று சொல்லிவிட்டு 2 மணிவரை மூடி வைத்த ஊரில், மறுநாள் உங்கள் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள்.

ஸ்டேஜ் மேல் போகும் அதிகாரப்பூர்வ வண்டிகளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். அரை மணி முன் போகும் 00 வண்டியும், கால் மணி முன் போகும் 0 வண்டியும் வெறுமனே சைரன் அடித்துக்கொண்டு வேகமாகப் போவதில் பயனில்லை. திறப்புகளின் பட்டியல் 00 வண்டியின் நேவிகேட்டர் மடியில் இருக்க வேண்டும். ஆள் நிற்க வேண்டிய ஒவ்வொன்றிலும் ஆள் இருக்கிறாரா என்று குறித்துக்கொண்டே போய், ஒரு இடத்தில் ஆள் இல்லையென்றாலும் தகவல் சொல்ல வேண்டும், அங்கே ஆள் வரும்வரை முதல் வண்டி கிளம்பக் கூடாது.

தகவல் சொல்வது என்றதும் வயர்லெஸ் வருகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு ரேடியோ இடம் என்பது சர்வதேச வழக்கம். காபித் தோட்டப் பள்ளத்தில் கையில் பிடிக்கும் வி.எச்.எஃப். செட் ஒன்றரைக் கிலோமீட்டர்கூட எட்டாமல் போகும், மரமும் மேடும் சேர்ந்து அலையைத் தின்றுவிடும். செல்போன் டவரும் இருக்காது. மேட்டின் உச்சியில், வரும் அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு ரிப்பீட்டரோ, செட்டும் கார் பேட்டரியும் வைத்து உட்கார்ந்த ஒரு ரிலே ஆளோ தேவை. இதைச் சோதிக்க வேண்டியது ரெக்கிக்கு முன். சனிக்கிழமை காலையில் மூன்றாவது இடம் பதில் தரவில்லை என்று தெரிந்தால் எல்லோரும் தொலைவில் கேட்கும் எஞ்சின் சத்தத்தை வைத்து யூகிக்கத் தொடங்குவார்கள்.

நின்றுபோன வண்டி பின்னால் 50 மீட்டரில் சிவப்பு முக்கோணம் வைக்க வேண்டும், யாருக்கும் காயமில்லையென்றால் பச்சை ‘ஓகே’ பலகை காட்ட வேண்டும், காயமென்றால் சிவப்பு ‘எஸ்.ஓ.எஸ்.’. புதிதாக வரும் ஜூனியர் ஜோடிகள் பலகையைச் சீட்டுக்கு அடியில் திணித்து வைப்பதைப் பார்க்கிறோம். புரண்ட வண்டியில் அது கைக்கு எட்டாது. பெல்ட் போட்டபடியே இருவருக்கும் எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று ஸ்க்ரூட்டினியில் உட்கார வைத்துப் பாருங்கள். பெல்ட் வெட்டும் கத்திக்கும் இதே சோதனை.

இவற்றில் பெரும் பணம் கேட்பது எதுவுமில்லை. கேஜ் முன்சோதனைக்கும் ரிப்பீட்டருக்கும் கொஞ்சம் ஆகும், அதை நுழைவுக் கட்டணத்தில் சேர்த்தாலும் எங்கள் குழுக்கள் மறுக்காது. முதல் சுற்றுக்குக் குறைந்தது 90 நாள் முன்பு தேதிகளையும், ஒவ்வொரு சுற்றுக்கும் 45 நாள் முன்பு துணை விதியையும் அறிவியுங்கள். ஸ்டேஜ் திறப்புகளின் பட்டியலையும் வயர்லெஸ் சோதனை முடிவையும் ரெக்கியன்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். திறப்புகளை எண்ணும் வேலைக்கு பைக்கோடு ஆள் வேண்டுமென்றால் எந்தக் கிளப்புக்கும் எங்களில் இருவர் வரத் தயார். பெட்ரோல் செலவு மட்டும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தேசிய ரேலிச் சுற்றுகளில் பணியாற்றும் மெக்கானிக்குகள், நேவிகேட்டர்கள், ஸ்டேஜ் மார்ஷல்கள் சிலர்